நீ தோற்றதைச் சொல்லித் திரிகிறேன்

என் ராசா,

இந்தக் கடிதத்தை நீ கதவைச் சாத்திவிட்டுத் தனியே இருந்து வாசிக்க வேண்டியதில்லை. இங்கே கனடாவில் எங்கள் ஸ்காபரோ பெண்கள் சங்கம் போடும் ஆண்டு மலருக்கு இதைக் கொடுக்கப் போகிறேன், எல்லாரும் வாசிக்கட்டும். முதலில் உனக்கு மட்டும் எழுதத்தான் நினைத்தேன். போன சனிக்கிழமை மார்க்கம் நகரில் ஒரு கலியாண வீட்டில் நடந்த கதைதான் என்னை மாற்றியது. சாப்பாட்டு மேசையில் எனக்குப் பக்கத்தில் இருந்த ஒரு அம்மா, பெயர் வேண்டாம், பாயசத்தைக் குடித்து முடித்துவிட்டு என் காதுக்குள் மெல்லக் கேட்டார். "என்ன அக்கா, ஜேர்மனியில உங்கட மகன் கொண்டுவந்த திட்டத்தை அங்கத்தைய வேலையாக்கள் மறிச்சுப் போட்டினமாம். பெரிய மனேச்சர் எண்டெல்லோ சொன்னனீங்கள்?" நான் முகம் கறுத்துப் போவேன் என்று பார்த்தார். "ஓம் தங்கச்சி, மறிச்சுப் போட்டினம். என்ர பிள்ளை வடிவாத் தோத்துப் போனான். அதை இருந்து விளக்கமாச் சொல்லட்டோ, நேரமிருக்கோ?" என்று கதிரையை அவர் பக்கம் இழுத்துப் போட்டேன். அவருக்குத் திடீரென்று வேறு யாரையோ பார்க்க வேண்டியிருந்தது, எழும்பிப் போய்விட்டார். அவருக்குச் சொல்லக் கிடைக்காததைத்தான் இங்கே எழுதுகிறேன். நீயும் கேட்டுக்கொள்.

அதற்கு முந்திய ஞாயிறு காலையில் நீ தொலைபேசி எடுத்து, "அம்மா, ஐ லொஸ்ட். நல்லாத் தோத்துப் போனன். ஹெட் ஒஃபிஸ் ஒஷாவா வெயார்ஹவுசைத் தாறன், திரும்பி வா எண்டு கேக்குது. வரட்டோ?" என்றாய். குரல் கம்மிப் போயிருந்தது. உண்மையைச் சொல்கிறேன் ராசா, நீ தோற்றது என் காதில் ஏறவே இல்லை. வரட்டோ என்று கேட்டாயே, அது மட்டும்தான் ஏறியது. தொலைபேசியை வைத்த கையோடு உன் கட்டிலுக்குப் புது விரிப்புப் போட்டேன். உன் அப்பா போன பிறகு இந்த வீட்டில் ஒரு ஆளுக்கு அரிசி போட்டு, அதையும் அடுத்த நாளைக்கு மிச்சம் வைத்துச் சாப்பிடுகிறேன். போன மாரியில் ஷெப்பர்ட் பஸ் தரிப்பில் வழுக்கி விழுந்ததை உனக்குச் சொன்னேன். எழும்ப முடியாமல் பனிக்குள் இருந்ததையும், முன்பின் தெரியாத ஒரு சீனத்துப் பெண் வந்து கைகொடுத்துத் தூக்கிவிட்டதையும் சொல்லவில்லை. இப்போது ஏன் சொல்கிறேன் என்றால், நீ வருவதை நான் எவ்வளவு விரும்புகிறேன் என்பது உனக்குச் சரியாகத் தெரிய வேண்டும். அது தெரிந்துகொண்டுதான் மிச்சத்தை நீ வாசிக்க வேண்டும். ஒஷாவா என்றால் நெடுஞ்சாலையில் ஏறினால் வீடு. இரவுச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவாய். ஒரு தாய்க்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் அந்தப் புது விரிப்பின் மேலேயே இருந்து யோசித்தேன். யோசிக்க யோசிக்க உன்மேல் எனக்குக் கோபம் வந்தது. தோற்றதற்காக இல்லை. ஏதோ களவெடுத்துப் பிடிபட்டவன் மாதிரி அந்தக் குரலில் அதைச் சொன்னாயே, அதற்காக.

நான் இந்த நாட்டில் முதன்முதல் செய்த வேலை கார் இருக்கைகளுக்கு உறை தைக்கும் வேலை என்பது உனக்குத் தெரியும். தைக்கிற உறைகள் ஒஷாவாவில் இருந்த கார் தொழிற்சாலைக்குத்தான் போகும். நாங்கள் பார்க்டேலில் ஒற்றை அறையில் இருந்துவிட்டு அஜின்கோர்ட்டுக்கு மாறிய புதிது. அந்தத் தொழிற்சாலையில் எங்கள் ஆட்கள் நிறையப் பேர் வேலை செய்தோம், எங்கள் எல்லாரையும் உள்ளே கொண்டுபோய் விட்டவர் கனகு அண்ணை. அவர் எங்கள் பகுதிக்குச் சூப்பர்வைசர். காலையில் தன் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார், வேலை முடியக் கொண்டுவந்து இறக்குவார். தங்கமான மனிசன். எங்கள் சனத்துக்குள் 'வேலை எடுத்துத் தந்தவர்' என்று ஒரு உறவு இருக்கிறதே, அது மாமன் மச்சான் முறை மாதிரி. இங்கே பிறந்த உனக்கு அது முதலில் விளங்கியிருக்காது. அவர் வீட்டுச் சடங்குக்கு முதல் ஆளாகப் போய்க் கடைசி ஆளாகத் திரும்ப வேண்டும். அவர் பிள்ளை சோதனை எழுதினால் நாங்கள் கோயிலுக்குப் போக வேண்டும். அவரை ஒருவர் ஒரு சொல் சொன்னால் அது எங்களைச் சொன்னது. இது அடிமைத்தனம் என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போவேன். தெரியாத ஊரில் எங்களை நம்பி வாய் திறந்த மனிசனுக்கு நாங்கள் வைத்திருந்த மரியாதை அது.

அந்தத் தொழிற்சாலைக்கு யூனியன் கொண்டுவர வேண்டும் என்று ஜமேக்காப் பெண்களும் பிலிப்பினோப் பெண்களும் வெளிக்கிட்டார்கள். வாக்கெடுப்புக்கு நாள் வைத்தாயிற்று. அதற்கு முதல் நாள் கனகு அண்ணை வானை எடுக்காமல் திரும்பி எங்களைப் பார்த்தார். "பிள்ளையள், உங்களை உள்ளுக்க விட்டது என்ர சொல்லில. மேல இருக்கிறவங்கள் நாளைக்கு என்னைத்தான் கேப்பாங்கள். என்ர முகத்தைக் காப்பாத்துங்கோ" என்றார். வெருட்டவில்லை, கெஞ்சினார். வெருட்டியிருந்தால் எங்களில் நாலு பேராவது முறைத்திருப்போம். கெஞ்சியபடியால் வான் முழுக்கத் தலையாட்டியது. நானும் நன்றாகத்தான் ஆட்டினேன். அடுத்த நாள் மறைப்புக்குள் போய் யூனியன் வேண்டும் என்பதற்குப் புள்ளடி போட்டேன். உன் அப்பாவுக்குக்கூட அதைச் சொல்லவில்லை. இன்றைக்குத்தான் முதன்முதலாக, அதுவும் அச்சில் சொல்கிறேன், பார். யூனியன் தோற்றுப் போனது. எங்கள் வாக்குத்தான் தோற்கடித்தது. அன்று பின்னேரம் கனகு அண்ணை எல்லாருக்கும் ரோல்ஸ் வாங்கித் தந்தார். நானும் இரண்டு சாப்பிட்டேன். நல்ல ருசி.

பிறகு ஒரு காலையில் வானால் இறங்கிப் போனால் கதவில் அறிவித்தல் ஒட்டியிருந்தது. வேலை எல்லாம் வேறு நாட்டுக்குப் போகிறதாம். எங்களோடு சேர்ந்து நின்றுதான் கனகு அண்ணையும் வாசித்தார். "எனக்கும் சொல்லேல்லையே பிள்ளையள், எனக்கும் சொல்லேல்லையே" என்று அதையே சொல்லிக்கொண்டு நின்றார். எனக்கு வேலை போனது பெரிதாகத் தெரியவில்லை, அந்த மனிசனைப் பார்க்கத்தான் பாவமாக இருந்தது. எங்களைக் கூப்பிட்டு இருத்தி, நிலைமை இப்படி என்று சொல்லியிருந்தால் தொழிற்சாலை மிஞ்சியிருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. மிஞ்சியிருக்காதுதான். ஆனால் அத்தனை வருடம் தைத்துக் கொடுத்த எங்களுக்கு முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்ல அந்தக் கட்டடத்துக்குள் ஒரு ஆளுக்கும் கடமை இருக்கவில்லை. ஒட்டிவிட்டுப் போய்விட்டார்கள். இந்த நாட்டை நான் குறை சொல்லவில்லை. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தபோது உள்ளே எடுத்த நாடு இது. அந்தக் கதவைத்தான் சொல்கிறேன்.

இனி உன் கதைக்கு வருகிறேன். இயந்திர உதிரிப்பாகம் விற்கும் உன் கனடாக் கம்பனி டோட்முண்டில் ஒரு களஞ்சியத்தை வாங்கி உன்னை அங்கே பொறுப்பாக அனுப்பியபோது நான் எப்படித் துள்ளினேன் என்பதற்கு இந்தத் தெருவே சாட்சி. மகன் ஜேர்மனியில் மனேச்சர் என்பதை மரக்கறிக் கடையில் வெண்டிக்காய் தெரிவு செய்யும்போதுகூடச் சொன்னேன். அங்கே போன புதிதில் நீ எடுத்துப் புலம்பினாய். "அம்மா, இஞ்ச வேலை தொடங்கிற நேரத்தைக் கொஞ்சம் மாத்திறதெண்டாலும் அவையளைக் கேக்க வேணும். ஓவர்டைம் எண்டாலும் கேக்க வேணும். ஒராளை நிப்பாட்டிறதெண்டாலும் முதல்ல அவையளுக்குச் சொல்ல வேணும். நான் மனேச்சரோ, இல்லை பெமிஷன் கேக்கிற ஸ்கூல் பெடியனோ?" அவையள் யாரடா என்று கேட்டேன். வேலையாட்கள் தங்களுக்குள் வாக்குப் போட்டுத் தெரிவு செய்கிற சபை என்றாய். அங்கே அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் சொன்னாய், நான் தொழிலாளர் சபை என்றே எழுதுகிறேன். யூனியன் வேறாம், இது வேறாம். சபைக்கு வருகிற செலவையும் கம்பனிதானாம் கொடுக்க வேண்டும். சபையில் இருப்பவரைச் சும்மா தூக்கிப் போட முடியாதாம். பெரிய கம்பனிகள் என்றால் கம்பனியின் மேல் நிர்வாக சபையிலேயே தொழிலாளரின் ஆட்கள் கதிரை போட்டு இருப்பார்களாம். "கேட்டால் என்ன, வாய் நோகுதோ?" என்று நான் சிரித்தேன். உனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்றிலிருந்து நானும் இந்த விசயங்களைத் தேடி வாசிக்கத் தொடங்கினேன். உன் அம்மா சும்மா ஆள் இல்லை. டென்மார்க்கில் குறைந்த சம்பளம் இவ்வளவு என்று அரசாங்கம் சட்டம் போடுவதில்லை, முதலாளிகளின் சங்கமும் தொழிலாளர் சங்கமும் இருந்து கதைத்துத்தான் முடிவு கட்டுகிறார்கள் என்று அறிந்தபோது நம்பவே முடியவில்லை. ஐரோப்பா ஒன்றும் சொர்க்கம் இல்லை என்பதும் தெரியும். அங்கேயும் சைக்கிளில் சாப்பாடு கொண்டு ஓடுகிற பெடியளுக்கும், ஏஜென்சியால் வந்து போகிற ஆட்களுக்கும் வாய் திறக்க இடம் குறைவுதான் என்று நீயே சொல்லியிருக்கிறாய். ஆனாலும் இருந்து கதைக்க ஒரு மேசையைச் சட்டத்தால் போட்டு வைத்திருக்கிறார்களே, அது எனக்குப் பிடித்துக்கொண்டது. கதவில் ஒட்டின தாளை வாசித்தவளுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

சுதர்சினியைப் பற்றி மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நீ டோட்முண்டில் ஒருவரையும் தெரியாமல் இருந்தபோது கோயில் அன்னதானத்தில் உன்னைக் கண்டு கதைத்து, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சோறு போட்டது அவளும் புருசனும்தான். உன்னைவிடக் கொஞ்சம் மூத்தவள், உன்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவாள். வீடியோவில் என்னோடும் கதைக்க வைத்தாய். என்ர பிள்ளையைப் பாருங்கோ என்று நான் கேட்க, உன் குளிர்ப்பெட்டி இடியப்பத்தாலும் சம்பலாலும் நிறைந்தது. பிறகு களஞ்சியத்துக்கு ஆட்கள் எடுக்கும்போது நீ அவளுக்குச் சொல்லி, அவள் விண்ணப்பம் போட்டு, பொதி கட்டும் பகுதியில் சேர்ந்தாள். வேலையில் கெட்டிக்காரி, வாயிலும் கெட்டிக்காரி. ஜேர்மன்காரப் பெண்களும் துருக்கிக்காரரும் அவளிடம்தான் நியாயம் கேட்டு வருவார்களாம். சபைத் தேர்தல் வந்தபோது அவளை நில் என்று அவர்கள் கேட்டதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

அப்போதுதான் அவளுடைய புருசன் ஒரு பெட்டி லட்டோடு உன் வீட்டுக்கு வந்தார். கதிரையின் நுனியில் இருந்துகொண்டு, "தம்பி, குறை நினையாதேங்கோ. ஆக்கள் கேட்டவுடன அவ யோசிக்காமல் ஓமெண்டு போட்டா. நீங்கள் எடுத்துத் தந்த வேலை. அதில நிண்டுகொண்டு உங்களுக்கு எதிரா நிக்கிறது முறையில்லை. விலகச் சொல்லிப் போட்டன்" என்றார். நீ என்னிடம் இதைச் சொன்னபோது நான் அடுப்பை அணைத்துவிட்டு நின்று கேட்டேன். அப்படியே அந்த வானுக்குள் இருந்த மாதிரி இருந்தது. உனக்கு அது பெரிய சங்கடம். நிற்க வேண்டாம் என்று நீ சொன்னால் தேர்தலில் நிர்வாகம் தலையிட்டதாகும். நில் என்று சொன்னாலும் தலையிட்டதாகும். சட்டம் உன் வாயைக் கட்டிவிட்டது. லட்டை எடுத்தால் விலகலுக்கு ஓம் என்றதாகும், எடுக்காவிட்டால் அவர்களுக்கு மனம் நோகும். நீ என்ன செய்தாய் என்று கேட்டேன். "எனக்கு இனிப்புக் கூடாது எண்டு டொக்டர் சொன்னவர் எண்டு பொய் சொன்னன் அம்மா" என்றாய். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் உன் நெஞ்சில் இருந்தது எனக்குத் தெரிந்தது. அவள் விலகினால் உனக்கு வேலை சுலபம். அந்தச் சுலபம் உனக்கு வேண்டாம் என்றிருந்தது. நீ வாய் திறந்து சொல்லவில்லை, நான்தான் கண்டுகொண்டேன்.

சட்டம் உன் வாயைத்தானே கட்டியது, என் வாயை இல்லையே. அடுத்த நாள் காலையிலேயே நான் சுதர்சினிக்கு எடுத்தேன். "பிள்ளை, விலகப் போறீராமே?" என்றேன். அவள் முதலில் மழுப்பினாள். பிறகு உள்ளதைச் சொன்னாள். "அன்ரி, தம்பி வாய் திறந்தபடியால்தானே எனக்கு அந்த வாசல் தெரிஞ்சது. அவருக்கு முன்னால போயிருந்து, நீங்கள் சொல்லிறது பிழை எண்டு நான் எப்பிடிச் சொல்லுவன்? சனம் என்ன கதைக்கும்?" நான் அவளுக்குக் கனகு அண்ணையின் வானைப் பற்றிச் சொன்னேன். சொல்லிவிட்டு, "நன்றியெல்லாம் நீர் இடியப்பத்தால எப்பவோ தீர்த்துப் போட்டீர். இனியும் என்ர பிள்ளைக்கு நன்றி காட்ட வேணுமெண்டால், அவன் பிழை விட்டால் அவனுக்குச் சொல்ல ஒரு ஆளாய் இரும். அவனைச் சுத்தித் தலையாட்டிற ஆக்களை நிப்பாட்டிப் போட்டு அவனைப் பாழாக்காதேயும்" என்றேன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அன்ரி, அவர் விடுற பிழை எல்லாத்தையும் சொல்லலாமோ?" என்று கேட்டாள். பொல்லாதவள்.

நீ அறிந்து எனக்கு எடுத்துக் குளறினாய். "அம்மா, யூ கான்ட் டூ தட்! நான் சொல்லி நீங்கள் கதைச்ச மாதிரியெல்லோ இருக்கும்?" என்றாய். அதோடு விடாமல், தேர்தலை நடத்துகிற குழுவிடம் நீயாகவே போய், என் தாய் இப்படி எடுத்துக் கதைத்திருக்கிறா, எனக்குத் தெரியாமல் நடந்தது என்று சொல்லிவிட்டு வந்தாய். என் மானம் டோட்முண்டில் போனது. அந்தக் குழுவில் இருந்த ஒரு ஜேர்மன்கார அம்மா சிரித்து, உங்கள் தாய்க்கு இங்கே வாக்கில்லை, ஆகவே பரவாயில்லை என்றாராம். மூக்கை நுழைத்தது பிழைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மன்னிப்புக் கேட்க மாட்டேன். என்னைக் காட்டிக்கொடுத்தாயே, அன்றைக்கு எனக்கு உன்னை நினைத்து நெஞ்சு நிறைந்தது. தாயென்றும் பார்க்காமல் நேராக நின்றாய்.

அவள் நின்றாள், வென்றாள். வென்று வந்து அவள் பிடித்த முதல் சண்டையே உன்னோடுதான். உன் திட்டத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன், நீ கெட்ட எண்ணத்தோடு கொண்டுவரவில்லை. பொருள் கேட்டு வரும் ஓடர் கூடினால் ஆட்களைக் கூட்டுவது, குறைந்தால் குறைப்பது. யாருக்கு எப்போது வேலை என்பது ஓரிரு நாளைக்கு முன்னால் தொலைபேசியில் வரும். ஹெட் ஒஃபிசுக்கு அது நன்றாகப் பிடித்தது. பிள்ளையைக் காப்பகத்தில் விடுகிற தாய்க்கு ஓரிரு நாள் போதாது என்பது சபையின் வாதம். அவர்கள் ஓடர் விபரங்களைக் கேட்டார்கள். மேலோட்டமாக ஒன்றைக் கொடுத்துவிடு என்று ரொறொன்ரோவிலிருந்து உனக்குச் சொன்னார்கள். நீ முழுவதையும் கொடுத்தாய். ஏனடா என்று நான் கேட்டதற்கு, "குடுக்க வேண்டியது அம்மா. குடுக்காமல் வெண்டால் அது வெல்லிறதில்லை" என்றாய். இதை நான் உனக்குச் சொல்லித் தரவில்லை. எங்கே படித்தாய் என்றும் தெரியவில்லை. நீ கொடுத்த அதே விபரத்தை வைத்துத்தான், ஒரு மாதத்துக்கு முன்பே வேலை நேரம் போடலாம், களஞ்சியம் தாங்கும் என்று அவர்கள் வாதாடினார்கள்.

அந்தக் கூட்டத்தில் நடந்ததை நீ எனக்கு ஏதோ பகிடி போலச் சொன்னாய். சுதர்சினிக்குப் பேச முறை வந்தபோது அவள் மேசையைப் பார்த்துக்கொண்டே பேசினாளாம். நன்றாகப் பேசினாளாம், ஆனால் தலை நிமிரவில்லையாம். மற்றவர்கள் அவள் பயப்படுகிறாள் என்று நினைத்தார்கள். உனக்குத்தான் தெரியும் அது பயமில்லை என்று. வேலை எடுத்துத் தந்தவனின் முகத்தைப் பார்த்து மாட்டேன் என்று சொல்ல எங்கள் கழுத்து நிமிராது. நீ அவளை நிறுத்தி, எல்லாருக்கும் விளங்கும்படி ஜேர்மன் மொழியில், தயவுசெய்து என்னைப் பார்த்துச் சொல்லுங்கள், நான் கேட்கத்தான் இங்கே இருக்கிறேன் என்றாய். அவள் மெல்ல நிமிர்ந்தாள். "என்ர கண்ணை நேராப் பார்த்து 'நைன்' எண்டா அம்மா, மேசை அதிர்ந்தது" என்று சொல்லிச் சிரித்தாய். அங்கே அந்தச் சொல்லுக்கு இல்லை என்று அர்த்தமாம். ராசா, நீ சிரித்தாய், நான் இங்கே குசினியில் நின்று அழுதேன். கனகு அண்ணை ஒரு தரம், ஒரே ஒரு தரம் திரும்பி, உங்களுக்கு என்ன வேணும் பிள்ளையள் என்று கேட்டிருந்தால் என்று நினைத்து அழுதேன். அவருக்கு வராத வார்த்தை என் பிள்ளைக்கு வந்ததே என்றும் அழுதேன்.

இரண்டு பக்கமும் இணங்காமல் நடுவர் வந்தார், தொழிலாளர் வழக்குகளைக் கேட்கும் நீதிமன்றத்து நீதிபதியாம். அவர் இருந்து கேட்டு, சபையின் பக்கம் பெரும்பாலும் சரி என்று முடித்தார். நீ கையெழுத்துப் போட்டாய். ஹெட் ஒஃபிசில் முகங்கள் சுருங்கின. உனக்கு வர இருந்த பதவி உயர்வு வேறொருவனுக்குப் போனது. ஒஷாவாவுக்கு வா, அங்கே இந்தத் தலையிடி இல்லை, ஒரு ஈமெயில் போட்டால் அடுத்த கிழமை நேரத்தை மாற்றலாம் என்றார்கள். இதைத்தான் நீ தோல்வி என்று எனக்குச் சொன்னாய்.

என்ன பதில் சொல்வதென்று தெரியாமல்தான் இத்தனை நாளும் இருந்தேன். நேற்று சுதர்சினி எனக்கு எடுத்தாள். "அன்ரி, தம்பி கனடாவுக்குத் திரும்பப் போறாராம் எண்டு இஞ்ச கதைக்கினம். மெய்யோ?" என்றாள். "கேட்டிருக்கிறான். உமக்குச் சந்தோசம்தானே பிள்ளை, வெண்டுபோட்டீர்" என்று கொஞ்சம் சுள்ளென்றே சொன்னேன். "என்ன கதை அன்ரி கதைக்கிறியள்!" என்று அவள் பொரிந்தாள். "அவருக்குப் பதிலா வாற ஆள் கேட்ட விபரத்தைத் தருவாரோ தெரியாது. நான் பேசேக்க என்ர முகத்தைப் பாப்பாரோ தெரியாது. எங்களுக்கு விட்டுக் குடுக்கிற மனேச்சர் வேண்டாம் அன்ரி. எதிர்த்துக் கதைக்க நேரான ஒரு மனேச்சர் வேணும். அடுத்ததா ஓய்வறைப் பிரச்சினை கிடக்கு. அதிலயும் அவரோட சண்டை பிடிக்கத்தான் போறன். நீங்கள் தாய், நீங்கள் வா எண்டால் அவர் வந்திடுவார். தயவுசெய்து கூப்பிடாதேங்கோ."

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார். என் பிள்ளையைத் தோற்கடித்தவள் என் பிள்ளையை எனக்கே தர மாட்டேன் என்கிறாள்! அவளுடைய துணிச்சலைப் பார். ராசா, இந்த ஊரில் பிள்ளைகளைப் பற்றிப் பெருமை பேசாத தாய் இல்லை. வீடு வாங்கினான், கார் மாற்றினான், பட்டம் எடுத்தாள். என் பிள்ளையிடம் தோற்றவர்கள் அவனைப் போற்றினால் அது ஒன்றும் புதிதில்லை, பதவிக்குப் பயந்து யாரும் போற்றுவார்கள். என் பிள்ளையை வென்றவள் அவனை விட மாட்டேன் என்று அடம்பிடிக்கிறாள். இந்தப் பெருமை இங்கே எந்தத் தாய்க்குக் கிடைத்திருக்கிறது, சொல்.

ஒஷாவாவுக்கு நீ வந்தால் கெட்டவனாகிவிட மாட்டாய் என்று எனக்குத் தெரியும். கனகு அண்ணையும் கெட்டவர் இல்லை. ஆனால் அங்கே உனக்கு இல்லை என்று சொல்ல ஒரு ஆளும் இல்லை. நல்ல பிள்ளைகள்தான் அப்படியான இடத்தில் கேட்காமலே முடிவெடுக்கப் பழகிப் போகிறார்கள், தங்களுக்கே தெரியாமல். உன்னை நான் பெற்று வளர்த்தது அதற்கு இல்லை. உனக்கு எதிரே ஒருத்தி நிமிர்ந்து இருக்கிற மேசையில்தான் நீ நல்ல மனேச்சராக இருக்கிறாய். அங்கேயே இரு. அடுத்த முறை நீ சரியாக இருந்தால் நீ வெல்லு. பிழையாக இருந்தால் இதே மாதிரி வடிவாகத் தோற்றுப் போ. எதைச் செய்தாலும் அந்தக் குனிந்த குரலில் எனக்குத் தொலைபேசி எடுக்காதே.

ஆகவே நீ கேட்ட கேள்விக்குப் பதில்: வராதே ராசா. எழுதிவிட்டேன். வராதே. நான் வருகிறேன். கோடை பிறந்ததும் வருவதற்கு ரிக்கெற் கதைத்துவிட்டேன். விமான நிலையத்துக்கு வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போ. வீட்டில் ஒரு தேத்தண்ணி ஊற்றித் தா, அது ஆறுமட்டும் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். குடித்து முடிந்ததும் என்னைச் சுதர்சினி வீட்டில் கொண்டுபோய் விடு. என் பிள்ளையை வென்றவளை நான் ஒருதரம் கட்டிப்பிடிக்க வேண்டும்.

உன் அம்மா